.412-ஐ எப்படிப் படிப்பது? பள்ளி பேஸ்பால் கணக்குகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

டெக்சாஸில் இருக்கும் அக்கா ஒரு மார்ச் மாத இரவில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் பேஸ்பால் அணிக்கான இணையப் பக்கம் அது. அவன் பெயருக்கு நேரே .412 என்று இருந்தது. “இது நல்ல நம்பராடா? இன்டர்நெட்லயே வந்திருக்கு, அப்போ சரியாத்தானே இருக்கும்?” என்று கீழே கேட்டிருந்தாள்.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: நல்ல எண்தான். இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பள்ளி ஆட்டங்களில் வலைக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் சில சீசன்கள் ஸ்கோர் எழுதியிருக்கிறேன். இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் .412 என்றால் என்ன? கிரிக்கெட் சராசரியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழம்பிவிடுவோம். கிரிக்கெட்டில் எடுத்த ரன்களை அவுட்டான எண்ணிக்கையால் வகுக்கிறோம். பேஸ்பால் பேட்டிங் ஆவரேஜில் ரன்னுக்கு இடமே இல்லை. பேட்டர் பந்தை அடித்து, அந்த அடியின் பலனாகவே பேஸுக்கு (மைதானத்தில் ஓடிச் சேர வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று) பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அது ஒரு ஹிட். ஹிட்டுகளை அட்-பேட் எண்ணிக்கையால் வகுத்தால் ஆவரேஜ் வரும். அட்-பேட் என்பது, பேட்டர் மட்டையோடு வந்து நின்று ஏதாவது ஒரு முடிவு காணும் ஒவ்வொரு முறையும்தான். ஆனால் சிலவற்றை அதில் சேர்ப்பதில்லை. நான்கு மோசமான பந்துகள் வந்ததால் முதல் பேஸுக்கு நடந்தே போகும் வாக், உடம்பில் பந்து பட்டு பேஸுக்குப் போவது, தான் அவுட்டாகி இன்னொருவரை முன்னேற்றும் சாக்ரிஃபைஸ், இவை கணக்கில் வராது. .412 என்றால் ஆயிரத்துக்கு 412 என்ற விகிதம்.

இது எவ்வளவு பெரிய எண்? 1941-இல் டெட் வில்லியம்ஸ் 456 அட்-பேட்டில் 185 ஹிட் அடித்து .406 எடுத்தார். அதற்குப் பிறகு, மேஜர் லீக் என்ற உச்சத் தொழில்முறைப் போட்டியின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ ஒருவரும் ஒரு முழு சீசனில் .400-ஐத் தொடவில்லை. ஆனால் பள்ளி அணிகளின் பக்கங்களைப் புரட்டினால் .400-க்கு மேல் இருக்கும் பையன்களை நிறையப் பார்க்கலாம். ஏன் என்று புரிந்துகொள்ள, அக்கா அனுப்பிய பக்கத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்துக் கட்டங்களையும் பார்க்கச் சொன்னேன். அட்-பேட் 17. ஹிட் 7. ஆட்டங்கள் 5. அணி அதற்குள் 11 ஆட்டங்கள் ஆடி முடித்திருந்தது.

அதாவது, பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் அந்தப் பக்கத்தில் ஏறவே இல்லை. இருக்கிற 17-இலும் ஒரே ஒரு ஹிட்டை யாராவது வேறு மாதிரி எழுதியிருந்தால் .412 அப்படியே .353 ஆகிவிடும்.

சரி, எழுதுவது யார்? மேஜர் லீக் ஆட்டங்களில் இதற்கென்றே அதிகாரபூர்வ ஸ்கோரர் ஒருவரை லீக் நியமித்துச் சம்பளம் கொடுக்கிறது. அவர் பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்து, சந்தேகம் வந்தால் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். முடிவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், வீரர்கள் மேல்முறையீடும் செய்யலாம். பள்ளியில் அப்படி யாரும் கிடையாது. பள்ளி விளையாட்டுகளுக்கு விதிகள் வகுக்கும் என்.எஃப்.எச்.எஸ். என்கிற தேசியக் கூட்டமைப்பின் விதிப்படி, நடுவர் வேறு யாரையாவது குறிப்பிட்டாலொழிய, சொந்த மைதான அணியின் ஸ்கோரர்தான் அதிகாரபூர்வ ஸ்கோரர். அந்த ஸ்கோரர் ஒரு பையனின் அம்மாவாக இருக்கலாம், துணைப் பயிற்சியாளராக இருக்கலாம், அன்று ஆட வாய்ப்புக் கிடைக்காமல் பெஞ்சில் இருக்கும் மாணவனாகவும் இருக்கலாம். சம்பளம் இல்லை, பயிற்சி இல்லை, வீடியோ இல்லை. வெயிலிலோ குளிரிலோ இரண்டு மணி நேரம் கண் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் எண்ணே இல்லை. இதைச் சொல்லாமல் அவர்களுடைய தவறுகளைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

எழுதியது இணையத்துக்குப் போகும் வழிகள் பல. பெரும்பாலும் இரண்டு பெயர்கள் காதில் விழும். ஒன்று 2002-இல் தொடங்கிய மேக்ஸ்ப்ரெப்ஸ். அதில் அணியின் பயிற்சியாளரோ அவர் பொறுப்புக் கொடுத்தவரோ எண்களை ஏற்றுகிறார்கள். இன்னொன்று கேம்சேஞ்சர் என்ற செயலி. அதில் ஒவ்வொரு பந்துக்கும் போனில் தட்டிக்கொண்டே வந்தால் கணக்கை அதுவே போட்டுவிடும். டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் நிறுவனம் 2016-இல் அதை வாங்கியது. செயலி வகுத்தல், பெருக்கலில் தப்புச் செய்யாது. ஆனால் “இது ஹிட்டா, எரரா (ஃபீல்டரின் தவறா)?” என்று அது கேட்கும்போது பதில் சொல்கிற விரல் ஒரு மனிதருடையது. பக்கத்தில் .412 என்று மூன்று இலக்கத் துல்லியத்தோடு தெரிவதால், அடியில் இருக்கும் அந்தத் தீர்ப்பு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு ஏன் கஷ்டம் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டு நான்கு போனாலும் அது பேட்ஸ்மேனின் ரன்தான். ஸ்கோரர் யோசிக்க வேண்டியதில்லை. பேஸ்பாலில் அப்படியில்லை. பேட்டர் தரையோடு அடித்த பந்தை, இரண்டாம் மூன்றாம் பேஸுகளுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் தவறவிட்டால், அடுத்த வினாடியே ஸ்கோரர் ஒரு நீதிபதி ஆகிவிடுகிறார். பிடித்திருக்க வேண்டிய பந்தா? அப்படியானால் ஷார்ட்ஸ்டாப்புக்கு எரர். பேட்டருக்கு ஹிட் கிடையாது, அட்-பேட் மட்டும் ஒன்று கூடும், ஆவரேஜ் இறங்கும். யாராலும் பிடித்திருக்க முடியாத பந்தா? ஹிட். விதிப் புத்தகம் தரும் அளவுகோல் ‘சாதாரண முயற்சி’. அந்த லீகில், அந்த இடத்தில் நிற்கும் சராசரித் திறமையுள்ள ஒரு ஃபீல்டர், மைதானமும் வானிலையும் அன்று இருந்த நிலையில், எடுத்திருக்கக்கூடிய முயற்சி. ‘அந்த லீகில்’ என்ற சொல் முக்கியம். தொலைக்காட்சியில் மேஜர் லீக் ஆட்டக்காரர் பாய்ந்து பிடிப்பதைப் பார்த்துவிட்டு 16 வயதுப் பையனுக்கு எரர் போடக் கூடாது.

புதிதாக எழுத வருகிறவர்கள் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: ஃபீல்டரின் கையில் பந்து படவில்லை என்றால் எரர் இல்லை என்று. அப்படி ஒரு விதி கிடையாது. காலுக்கு நடுவே உருண்டு போன சாதாரணப் பந்து, தொடாவிட்டாலும் எரர்தான். இதற்கு நேர்மாறாக, யார் ஓடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருவருக்கும் நடுவே விழவிட்ட பந்தைப் பார்த்தால் எரர் போட வேண்டும் போல் இருக்கும். ஆனால் வழக்கமாக அது ஹிட்டாகத்தான் எழுதப்படும், ஏனென்றால் மனக்குழப்பத்தை எரர் என்று எழுதுவதில்லை. ஃபீல்டர்ஸ் சாய்ஸ் என்று ஒன்றும் உண்டு. பேட்டரை விட்டுவிட்டு, ஏற்கெனவே பேஸில் இருந்த வேறொருவரை அவுட் ஆக்குவது. பேட்டர் முதல் பேஸில் நிற்பதைப் பார்த்து ஹிட் என்று எழுதிவிடுவார்கள். அது ஹிட் இல்லை.

ஒரு முறை எங்கள் பையன் அடித்த வேகமான பந்து மூன்றாம் பேஸில் நின்றவனின் கையுறையில் பட்டுத் தெறித்தது. நான் ஹிட் என்று போட்டேன். இரண்டு நாற்காலி தள்ளி இருந்த எதிரணி ஸ்கோரர் எரர் என்று போட்டார். அவரிடம் கேட்டேன், தன் காரணத்தைச் சொன்னார், அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அன்றிரவு இரண்டு அணிகளின் பக்கங்களிலும் ஒரே ஆட்டத்துக்கு வெவ்வேறு ஹிட் எண்ணிக்கை இருந்தது. யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் ஒரு சீசன் முழுக்க, சந்தேகமான பந்து ஒவ்வொன்றும் நம் பையனுக்குச் சாதகமாகவே விழுந்தால் என்ன ஆகும்? 75 அட்-பேட்டில் 25 ஹிட் என்றால் .333. மூன்று தீர்ப்புகள் எதிராகப் போனால் .293, மூன்று கூடுதலாகச் சாதகமானால் .373. ஒரே பையன், ஒரே ஆட்டங்கள். தொழில்முறை வீரருக்கு 500 அட்-பேட் இருக்கும். அங்கே மூன்று ஹிட் குறைந்தால் .300 என்பது .294 ஆகும், அவ்வளவுதான். பள்ளிக் கணக்கில் ஒவ்வொரு தீர்ப்பும் இவ்வளவு கனமாக விழுவதற்குக் காரணம் சீசனின் நீளம்தான்.

ஸ்கோரர் ஒரு தப்பும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 75 என்பது சின்ன எண். உண்மையிலேயே .300 திறமையுள்ள ஒரு பையன் 75 முறை ஆடினால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே .250-க்கும் .350-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை அந்த எல்லைக்கு வெளியேயும் போவான். .340 எடுத்தவன் .310 எடுத்தவனைவிடச் சிறந்தவன் என்று இந்த அளவு கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. பெற்றோர்கள் இதற்காக மனம் வருந்துவதைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பந்து வீசும் பிட்சர்களின் கணக்கு இன்னும் சிக்கல். அவர்களை அளக்கும் முக்கிய எண் ஈ.ஆர்.ஏ.; ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை ‘ஏர்ன்ட் ரன்’ கொடுக்கிறார் என்ற சராசரி. ஃபீல்டர்களின் தவறால் வந்த ரன்களைப் பிட்சர் தலையில் கட்டக் கூடாது என்பது இதன் நோக்கம். அதற்காக ஸ்கோரர், எரரே நடக்காமல் இருந்தால் இந்த இன்னிங்ஸ் எப்படிப் போயிருக்கும் என்று மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்று பேர் அவுட்டானால் ஓர் அணியின் இன்னிங்ஸ் முடியும். இப்போது இரண்டு பேர் அவுட். அடுத்த பந்தில் ஷார்ட்ஸ்டாப் தவறவிடுகிறான். அதற்கப்புறம் மூன்று ரன் வருகிறது. அந்த எரர் இல்லையென்றால் இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்கும். ஆகவே மூன்றும் பிட்சர் கணக்கில் வராது. அவசரத்தில் இதை யோசிக்காமல் மூன்றையும் ஏர்ன்ட் என்று எழுதினால்? 40 இன்னிங்ஸ் போட்டு 10 ஏர்ன்ட் ரன் கொடுத்தவருக்கு ஈ.ஆர்.ஏ. 1.75. அது 13 ஆனால் 2.28. ஒரே ஒரு மாலை நேரத்து அலட்சியம் ஒரு பையனின் சீசனையே வேறு மாதிரி காட்டிவிடும்.

இதில் இன்னொரு பொறி, ‘முழு ஆட்டம்’ என்பது எத்தனை இன்னிங்ஸ் என்பது. பள்ளி ஆட்டம் 7 இன்னிங்ஸ், மேஜர் லீக் 9. அதனால் பள்ளியில் ஏழால் பெருக்க வேண்டும். சில இடங்களில் ஒன்பதால் பெருக்கிவிடுகிறார்கள். டேவிட் கிளைட் என்ற பிட்சர் 1973-இல் ஹூஸ்டனில் பள்ளியின் கடைசி வருஷத்தில் 18 ஆட்டங்களில் வென்று, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 148 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 0.18 என்று அவருடைய கணக்கைச் சொல்வார்கள். 148 இன்னிங்ஸில் 3 ரன் என்று வைத்து ஒன்பதால் பெருக்கினால் 0.18 வரும், ஏழால் பெருக்கினால் 0.14. இரண்டுமே நம்பமுடியாத எண்கள்தான். ஆனால் இரண்டு பிட்சர்களை ஒப்பிடும்போது ஒருவருக்கு ஏழும் இன்னொருவருக்கு ஒன்பதும் பயன்பட்டிருந்தால் ஒப்பீடே அர்த்தமில்லாமல் போகும். கிளைட்டை அந்த வருஷமே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் என்ற மேஜர் லீக் அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்து, 18 வயதில் நேராக மேஜர் லீகில் இறக்கியது. அங்கே அவர் மொத்தம் வென்றது 18, தோற்றது 33, ஈ.ஆர்.ஏ. 4.63. பள்ளிக் கணக்கு பொய் சொல்லவில்லை. எதிரே நின்றவர்கள் யார் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

இன்னிங்ஸ் எழுதும் முறையையும் கவனிக்க வேண்டும். இது கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு உடனே பிடிபடும். 4.2 ஓவர் என்றால் நான்கு ஓவரும் இரண்டு பந்தும், இல்லையா? அதே போல் 4.2 இன்னிங்ஸ் என்றால் நான்கு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், அதாவது நாலே மூன்றில் இரண்டு பங்கு. இதைத் தசமம் என்று நினைத்து விரிதாளில் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 4.2, 5.2, 3.2 மூன்றையும் கூட்டினால் சரியான விடை 14 இன்னிங்ஸ். விரிதாள் 12.6 என்று காட்டும். இன்னிங்ஸ் குறைந்தால் ஈ.ஆர்.ஏ. ஏறும், பாவம், பிட்சருக்கு நஷ்டம்.

இவ்வளவு சொன்னதும் எதையும் நம்ப முடியாது என்று தோன்றலாம். அப்படியில்லை. ஒரே பக்கத்தில் இருக்கும் எண்கள் எல்லாம் ஒரே அளவு நம்பிக்கைக்கு உரியவை அல்ல என்பதுதான் விஷயம். ஸ்கோரரின் தீர்ப்பு தேவைப்படாத எண்கள் உறுதியானவை. பேட்டர் அடிக்கத் தவறி மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாகும் ஸ்ட்ரைக்அவுட்டையும், வாக்கையும் நடுவர் எல்லோர் முன்னாலும் அறிவிக்கிறார். பந்து உடம்பில் பட்டதும் அப்படித்தான். வேலிக்கு மேலே போன ஹோம் ரன்னில் வாதத்துக்கு இடமில்லை. ஆட்டத்தின் முடிவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிட்சர் போட்ட பந்துகளின் எண்ணிக்கையையும் ஓரளவு நம்பலாம். சிறுவர்களின் தோளையும் முழங்கையையும் காப்பாற்றுவதற்காக 2017 சீசனிலிருந்து ஒவ்வொரு மாநிலச் சங்கமும் பந்து எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்தாக வேண்டும் என்று என்.எஃப்.எச்.எஸ். கட்டாயமாக்கியதால், இப்போது அதை எண்ணுவதில் எல்லோருக்கும் அக்கறை இருக்கிறது. மறுபக்கம், ஆவரேஜ், எரர், ஈ.ஆர்.ஏ. மூன்றும் தீர்ப்பைச் சார்ந்தவை. பேட்டர் அடிக்காமலேயே ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் ‘திருடிய பேஸ்’ (ஸ்டோலன் பேஸ்) நடுவில் நிற்கிறது: பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் பந்தைத் தவறவிட்டதால் ஓடியவனுக்கும் ஸ்டோலன் பேஸ் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும்.

எழுதியது சரியா என்று நாமே பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி. ஒரு அணியின் அட்-பேட், வாக், உடம்பில் பட்டவை, சாக்ரிஃபைஸ்கள் எல்லாவற்றையும் கூட்டுங்கள் (குறுக்கீட்டுக்காக நடுவர் பேஸ் கொடுத்திருந்தால் அதையும் சேருங்கள்). இன்னொரு பக்கம் அந்த அணி எடுத்த ரன், இன்னிங்ஸ் முடியும்போது பேஸிலேயே நின்றுபோனவர்கள், எதிரணி எடுத்த அவுட்டுகள் மூன்றையும் கூட்டுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். மட்டையோடு வந்த ஒவ்வொருவரும் ஒன்று ரன் எடுத்திருக்க வேண்டும், அல்லது அவுட்டாகியிருக்க வேண்டும், அல்லது பேஸில் நின்றுபோயிருக்க வேண்டும். நான்காவது வழி இல்லை. 27 அட்-பேட், 4 வாக், 1 உடம்பில் பட்டது, 2 சாக்ரிஃபைஸ்: மொத்தம் 34. ரன் 5, நின்றுபோனவர்கள் 8, அவுட் 21: அதுவும் 34. சமமாக வந்தால் ஒரு ஆளையும் விடவில்லை என்று பொருள். ஹிட்டா எரரா என்ற கேள்வியை மட்டும் இந்தச் சோதனை தொடாது. அதற்கு எதிரணியின் பக்கத்தைத் திறந்து, அவர்கள் பிட்சர் கொடுத்ததாக எழுதியிருக்கும் ஹிட்டுகளை நம் பையன்கள் அடித்ததாக இருக்கும் ஹிட்டுகளோடு ஒப்பிட வேண்டும்.

இந்தக் கணக்குப் பழக்கத்தின் வேரிலேயே கிரிக்கெட் இருக்கிறது. 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்த ஹென்றி சாட்விக், நியூயார்க் பத்திரிகைகளில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். பேஸ்பால் ஆட்டத்தைக் கட்டங்களுக்குள் சுருக்கித் தரும் பாக்ஸ் ஸ்கோரை வளர்த்தெடுத்ததில் அவர் பங்கு பெரியது. ஸ்ட்ரைக்அவுட்டுக்கு இன்றைக்கும் எழுதும் ‘கே’ என்ற எழுத்தும் அவர் தந்ததுதான்.

சம்பளம் வாங்கியவர்கள் எழுதிய கணக்கிலேயே தவறு நடந்திருக்கிறது. 1910-இல் டை காப் என்ற மேஜர் லீக் ஆட்டக்காரர் ஆடிய ஒரே ஆட்டம் லீகின் பேரேட்டில் இரண்டு முறை ஏறிவிட்டது. 4,191 என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்த அவருடைய மொத்த ஹிட் 4,189-ஆக இருக்க வேண்டும் என்று 1981-இல்தான் வெளியே தெரிந்தது. பீட் ரோஸ் 1985 செப்டம்பர் 11 அன்று தன் 4,192-ஆவது ஹிட்டை அடித்தபோது நாடே கொண்டாடியது. திருத்திய கணக்குப்படி அவர் சில நாள் முன்பே காப்பைத் தாண்டியிருந்தார். ஹேக் வில்சன் 1930-இல் தன் பேட்டிங்கால் அணிக்குக் கொண்டுவந்த ரன்கள் 190 என்று இருந்தது, 1999-இல் 191 என்று திருத்தப்பட்டது. அந்தத் தவறுகளைத் தேடிப் பிடிக்கப் பழைய தாள்களைத் துருவும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு மாவட்டத்துப் பள்ளியின் ஏப்ரல் மாத ஆட்டத்தை அப்படித் துருவ யாரும் வரப்போவதில்லை.

‘மாநிலத்தில் முதலிடம்’ போன்ற பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை கணக்கை ஏற்றிய அணிகளுக்கு நடுவே மட்டும் எடுக்கப்படுபவை. வேலைப்பளுவில் ஏற்றாமல் விட்ட பயிற்சியாளரின் பையன்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். படுதோல்வி அடைந்த ஆட்டங்களை மட்டும் ஏற்ற மறந்துபோகிற அணிகளும் உண்டு. வருஷங்களைத் தாண்டி ஒப்பிடும்போது மட்டையும் மாறியிருக்கிறது: 2012 முதல் பள்ளிகளில், மரமல்லாத மட்டைகளில் பந்தை மெதுவாக எகிற வைக்கும் வகைக்கு மட்டுமே அனுமதி. அதற்கு முந்தைய ஹோம் ரன் எண்களைப் பிந்தையவற்றோடு நேராக வைத்துப் பார்க்க முடியாது. கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஒரு பையனை எடுக்கும்போது ஆவரேஜைவிட, அவன் ஆடுவதை நேரிலும் வீடியோவிலும் பார்ப்பதற்கும், ஓடும் நேரம், பந்து வீசும் வேகம் போன்ற கருவியால் அளந்தவற்றுக்கும் முக்கியத்துவம் தருவது இதனால்தான்.

அக்கா மகனின் பயிற்சியாளர் மே மாதத்தில் விட்டுப்போன ஆட்டங்களையெல்லாம் ஏற்றி முடித்தார். .412 இறங்கி, 62 அட்-பேட்டில் 19 ஹிட், .306 என்று நின்றது. அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். “குறைஞ்சு போச்சேடா” என்றாள். நான் அதே வரியில் இன்னும் நாலு கட்டம் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். வாக் 11, ஸ்ட்ரைக்அவுட் 9. மோசமான பந்தை அடிக்காமல் விடத் தெரிந்த பையன் அவன். அந்த இரண்டு எண்களையும் எழுத யாரும் யோசித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. உடம்பில் பட்ட 2-ஐயும் ஒரு சாக்ரிஃபைஸ் ஃப்ளையையும் சேர்த்துப் பார்த்தால், அவன் 76 முறை மட்டையோடு வந்து 32 முறை பேஸுக்குப் போயிருந்தான். அதை வகுத்தால் .421. இந்த முறை அக்காவே கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.